பச்சைப்பிள்ளைக்கு சி.டி. ஸ்கேன்: எவ்வளவு கதிர் போகுதுன்னு கேட்கலாமா?



ஐயப்பன்தாங்கலில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வாங்கி முடிந்து, உள்கடன் கேட்பவர்கள் பெயரை ஊக்குநர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு உறுப்பினர், வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும், மூவாயிரம் வேண்டும் என்றார். "போன வாரம்தானே அவசரக் கடன் மூவாயிரம் வாங்கினீங்க அக்கா?" என்று பிரதிநிதி கேட்டார். "அது மொத ஸ்கேனுக்கும்மா. இது ரெண்டாவது ஸ்கேனுக்கு" என்றார் அந்த அம்மா.

விஷயம் இதுதான். அவருடைய பேரனுக்கு ஒன்பது மாதம். கட்டிலில் படுக்கவைத்திருந்தபோது புரண்டு கீழே விழுந்துவிட்டான். இரண்டடி உயரம்கூட இருக்காது. நெற்றியில் புடைப்பு. விழுந்த உடனே வீல் என்று அழுதான், பிறகு பால் குடித்தான், விளையாடினான். ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் பயம். எனக்குப் போன் செய்தார்கள். நான் யோசிக்காமல் சொன்னேன்: "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடுங்க." அவர்களும் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனார்கள். எழுத்து ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று இருந்தது. ராத்திரி பிள்ளை ஒருமுறை வாந்தி எடுத்தான். உடனே தூக்கிக்கொண்டு வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே டாக்டர், "படம் எங்கே?" என்று கேட்டார். கையில் ரிப்போர்ட் தாள் மட்டும்தான் இருந்தது. ஸ்கேன் சென்டர் பூட்டியாகிவிட்டது. மறுபடியும் ஸ்கேன். மறுபடியும் ஒன்றுமில்லை. பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறான், தவழ்ந்து வீட்டையே ரெண்டு பண்ணுகிறான்.

கடன் கொடுக்கத் தீர்மானம் எழுதியாகிவிட்டது. ஆனால் பேச்சு நிற்கவில்லை. "ஒரு வாரத்துல ரெண்டு தடவை அந்தக் கதிர் பட்டுச்சே, புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதா?" என்றார் ஒருவர். "கேன்சர் வரும்னு சொல்றாங்க" என்றார் இன்னொருவர். "அதெல்லாம் சும்மா, டாக்டருக்குத் தெரியாதா?" என்றார் மூன்றாமவர். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எவ்ளோ போச்சுன்னு யாராவது அளந்தாங்களா மேடம்?"

எம்.எஸ்.டபிள்யூ. படித்த எனக்குப் பதில் தெரியவில்லை. ஸ்கேன் எடுங்கள் என்று சொன்னதே நான்தான். அதனால் படித்தும், தெரிந்த ஸ்கேன் டெக்னீஷியன்களிடமும் டாக்டர்களிடமும் கேட்டும் தெரிந்துகொண்டதை உங்களுக்கு எழுதுகிறேன். பாட்டியின் கேள்விக்குச் சுருக்கமான பதில்: அளக்க முடியும். மெஷினே அளவைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. நாம்தான் கேட்பதில்லை.

முதலில் சி.டி. ஸ்கேன் என்றால் என்ன என்று பார்ப்போம். கை எலும்பு முறிந்தால் எடுக்கும் எக்ஸ்ரேதான் இதிலும். வித்தியாசம் என்னவென்றால், எக்ஸ்ரேயில் ஒரே ஒரு தடவை கதிர் உடம்பு வழியாகப் போகும். சி.டி.யில் எக்ஸ்ரே குழாய் படுத்திருப்பவரைச் சுற்றிச் சுற்றி வரும், எல்லாப் பக்கத்திலிருந்தும் கதிர் போகும். அதைக் கம்ப்யூட்டர் சேர்த்து, வாழைத்தண்டை வில்லை வில்லையாக அரிந்து பார்ப்பதுபோல உடம்பின் உள்ளே காட்டும். இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற இன்ஜினியர் இதைக் கண்டுபிடித்தார். 1971-ல் லண்டன் விம்பிள்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் முதல் நோயாளிக்கு எடுத்தார்கள். 1979-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்னால் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்க்கவே டாக்டர்கள் படாத பாடு பட்டார்கள். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய மெஷின் இது. அதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், அதாவது மாசமாக இருக்கும்போது வயிற்றில் ஜெல் தடவிப் பார்ப்பது, அதில் இந்தக் கதிர் கிடையாது. அது சத்த அலை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் கிடையாது, அது காந்தம். எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும்தான் இந்தக் கதிர். "ஸ்கேன்" என்று ஒரே பேரில் சொல்லிவிடுவதால் நமக்குக் குழப்பம் வருகிறது.

சரி, பெரியவங்களுக்கும் இதே மெஷின்தானே, குழந்தைக்கு மட்டும் ஏன் தனியாகப் பேச வேண்டும்?

நம் வீட்டு அடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் அண்டாவில் சோறு வடிக்க வைக்கிற தீயை, பால் காய்ச்சுகிற சின்னக் கிண்ணத்துக்கு வைத்தால் என்ன ஆகும்? தீ ஒன்றுதான், பாத்திரம் சின்னது. பெரியவர் உடம்பில் மேல்புறச் சதையே கதிரில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும், உள்ளே போகப்போகக் குறையும். பச்சைப்பிள்ளைக்குச் சதையே இல்லை. எல்லா உறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பெரியவருக்கு வைத்த அதே அளவில் மெஷினை ஓட்டினால், பிள்ளைக்கு உள்ளே வரை நிறையப் போகும். இரண்டாவது, பிள்ளையின் உடம்பு வளர்கிற உடம்பு. செல்கள் வேகமாகப் பெருகும் வயது, அதனால் கதிர் செய்யும் சேதமும் சுலபமாகத் தங்கும். மூன்றாவது, ஆயுசு. கதிரால் கெடுதல் வந்தால் அது உடனே வருவதில்லை, பல வருஷம் கழித்துத்தான் தெரியும். எழுபது வயது தாத்தாவுக்கு அந்தக் கவலை குறைவு. ஒன்பது மாதப் பிள்ளைக்கு முழு வாழ்க்கையும் பாக்கி இருக்கிறது.

அதனால்தான் 2008-ல் அமெரிக்காவில் டாக்டர்களும் டெக்னீஷியன்களும் சேர்ந்து, குழந்தைக்குக் குழந்தை அளவில் கதிர் வையுங்கள் என்று ஒரு இயக்கமே தொடங்கினார்கள். மெஷினில் அதற்கான வசதி இருக்கிறது. எடைக்கும் வயதுக்கும் தகுந்த மாதிரி அளவைக் குறைக்கலாம். யாராவது அந்தப் பட்டனை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருவோம். கதிரை எப்படி அளக்கிறார்கள்?

பிள்ளையின் உடம்புக்குள் கருவியை வைத்து அளக்க முடியாது. அதனால் மனித உடம்புக்குப் பதிலாக ஒரு உருளை செய்து வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் கடைகளில் போர்டு செய்கிற அக்ரிலிக் பிளாஸ்டிக் இருக்கிறதே, அதே வகைப் பொருள்தான், கட்டியாக உருளை வடிவில். தலைக்குச் சமமாக 16 சென்டிமீட்டர் குறுக்களவு. பெரியவர் உடம்புக்குச் சமமாக 32 சென்டிமீட்டர் குறுக்களவு. அதில் நடுவில் ஒரு ஓட்டை, ஓரத்தில் கடிகாரத்தின் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களில் நாலு ஓட்டை. பேனா மாதிரி நீளமான ஒரு அளவுக் கருவியை ஒவ்வொரு ஓட்டையாக நுழைத்து, மெஷினை ஓட்டுவார்கள். கருவிக்குள் இருக்கும் காற்றில் கதிர் பட்டதும் மின்சாரம் உண்டாகும். எவ்வளவு மின்சாரம் என்று பார்த்தால் எவ்வளவு கதிர் என்று தெரிந்துவிடும். ஓரத்து அளவுகளையும் நடு அளவையும் சேர்த்துச் சராசரி போடுவார்கள்.

இப்படி அளந்து வைத்த கணக்கு மெஷினுக்குள் இருக்கும். ஒவ்வொரு நோயாளிக்கும் ஸ்கேன் எடுக்கும்போது, "இந்த அளவில் ஓட்டினால் அந்த உருளைக்கு இவ்வளவு கதிர் போயிருக்கும்" என்று மெஷின் தானாகவே ஒரு பக்கம் தயார் செய்யும். அதில் இரண்டு எண்கள் முக்கியம்.

இதைப் பூக்காரம்மாவின் கணக்கில் சொன்னால் உங்களுக்கு உடனே புரியும். மல்லிப்பூ ஒரு முழம் என்ன விலை என்பது ஒன்று. எத்தனை முழம் வாங்கினோம், மொத்தம் எவ்வளவு கொடுத்தோம் என்பது இன்னொன்று. சி.டி.டி.ஐ. வால்யூம் என்று ஒரு எண் இருக்கும், அது முழத்து விலை மாதிரி. ஒரு வில்லையில் எவ்வளவு கதிர் என்று சொல்லும். மில்லி கிரே என்ற அளவில் எழுதுவார்கள். அதை ஸ்கேன் எடுத்த நீளத்தால் பெருக்கினால் வருவது டி.எல்.பி., அதாவது மொத்தப் பணம். நமக்கு முக்கியம் இந்த டி.எல்.பி. ஆங்கிலத்தில் டி, எல், பி என்ற மூன்று எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும். பத்தாவது படிக்கிற உங்கள் பெண்ணிடம் கொடுத்தால் கண்டுபிடித்துச் சொல்லிவிடும்.

முழத்து விலை சரியாக இருந்தும் மொத்தம் ஏறலாம். தலைக்கு மட்டும் எடுக்க வேண்டியதைக் கழுத்து வரை இழுத்துவிட்டால், நாலு முழம் கேட்டு ஆறு முழம் வாங்கியது போல. குழந்தையின் உடம்பில் ரெண்டு மூணு சென்டிமீட்டர் என்பது ரொம்பப் பெரிய தூரம். தலைக்குக் கீழேயே தைராய்டு சுரப்பி இருக்கிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மெஷின் காட்டுவது உருளைக்குப் போன அளவு, நம் பிள்ளைக்குப் போன அளவு அல்ல. பிள்ளையின் வயிற்றை ஸ்கேன் எடுத்துவிட்டு, 32 சென்டிமீட்டர் பெரியவர் உருளையை வைத்துக் கணக்குக் காட்டினால், பிள்ளைக்கு உண்மையில் போனது அந்த எண்ணைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே இருக்கும். அதனால் 2011-ல் அமெரிக்க மருத்துவ இயற்பியல் சங்கம், உடம்பின் பருமனுக்குத் தகுந்தபடி இந்த எண்ணைத் திருத்திக்கொள்ள ஒரு அட்டவணை வெளியிட்டது. இது நாம் போடுகிற கணக்கு இல்லை, அவர்கள் போட வேண்டியது. ஆனால் "எந்த உருளை வைத்துச் சொல்றீங்க?" என்ற கேள்வி இருக்கிறது என்றாவது தெரிந்திருக்கட்டும்.

எண் தெரிந்தால் மட்டும் போதுமா? 300 என்றால் அதிகமா, குறைவா? ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வேண்டுமே. இதைத் தேடும்போதுதான் எனக்கு ஒரு சந்தோஷமான தகவல் கிடைத்தது. நம்ம தமிழ்நாட்டிலேயே இதை அளந்திருக்கிறார்கள். மாநிலத்தின் பல பகுதிகளில் இருக்கும் 30 சி.டி. மெஷின்களைத் தேர்ந்தெடுத்து, நான் மேலே சொன்ன உருளையையும் பேனாக் கருவியையும் குழந்தை அளவில் வைத்து அளந்தார்கள். கூடவே 3,600 குழந்தைகளுக்கு எடுத்த ஸ்கேன்களின் எண்களையும் சேகரித்தார்கள். ஒரு வயதுக்குக் கீழே ஒரு பிரிவு, 1 முதல் 5 வயது வரை ஒரு பிரிவு. இந்திய மருத்துவ இயற்பியல் இதழில் 2017-ல் அது வெளிவந்தது.

அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், ஒவ்வொரு இடத்தின் அளவையும் குறைவிலிருந்து அதிகம் வரை வரிசையாக நிற்கவைத்து, முக்கால் பங்கு முடிகிற இடத்தில் ஒரு கோடு போட்டார்கள். முப்பது பேர் வரிசையில் இருபத்தி இரண்டு, இருபத்தி மூன்றாவது ஆள் நிற்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பெயர் ஒப்பீட்டு அளவு. கோட்டுக்கு மேலே நிற்கிற இடங்கள், "மற்றவர்கள் இதைவிடக் குறைவில் அதே படத்தை எடுக்கும்போது நமக்கு ஏன் கூடுதலாக வேண்டியிருக்கிறது?" என்று தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். நம் குழுக்களுக்குத் தரம் பிரித்தல் நடக்கும்போது, பக்கத்துக் குழு எல்லாம் தவணை ஒழுங்காகக் கட்ட, நம்ம குழுவில் மட்டும் நிலுவை ஏன் என்று நோட்டைப் புரட்டுவோமே, அது மாதிரி.

அந்தக் கோடு எங்கே விழுந்தது? ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குத் தலை ஸ்கேன் என்றால் டி.எல்.பி. 352. நெஞ்சு என்றால் 120. வயிறு என்றால் 252. ஒன்று முதல் ஐந்து வயது வரை தலைக்கு 505, நெஞ்சுக்கு 132, வயிற்றுக்கு 270. ஐரோப்பிய நாடுகளின் ஒப்பீட்டு அளவோடு வைத்துப் பார்த்தபோது, நம்ம ஊரில் தலைக்குக் குறைவாகவும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் கூடுதலாகவும் இருந்தது. நெஞ்சும் வயிறும்தான் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டிய இடம் என்று நான் எடுத்துக்கொண்டேன். வயிறு விஷயத்தில் கதிரே இல்லாத அல்ட்ராசவுண்ட் பல நேரம் முதலில் போதும் என்று டாக்டர்களே சொல்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் ஸ்கேன் சென்டரில் போய்ச் சண்டை போட வேண்டாம். ஒரு பிள்ளைக்கு 360 வந்துவிட்டது என்றால் தப்பு நடந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பிள்ளை குண்டாக இருக்கலாம், டாக்டருக்கு இன்னும் தெளிவான படம் தேவைப்பட்டிருக்கலாம். பல பிள்ளைகளின் சராசரி தொடர்ந்து மேலே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். கதிர் ரொம்பக் குறைந்து படமே தெளிவில்லாமல் போனாலும் நஷ்டம்தான், மறுபடி எடுக்க வேண்டி வரும்.

எண் எண் என்று சொல்கிறேனே, அது உடம்புக்கு என்ன செய்யும் என்று கேட்பீர்கள். அதற்கு மில்லி சீவர்ட் என்று வேறொரு அளவு இருக்கிறது. உடம்புக்கு ஆகும் பாதிப்பைச் சேர்த்துக் கணக்கிடும் அளவு. டி.எல்.பி. 352 என்ற அதே தலை ஸ்கேன், பெரியவருக்கு என்றால் சுமார் 0.7 மில்லி சீவர்ட். ஒரு வயதுப் பிள்ளைக்குச் சுமார் 2.4. அப்போதுதான் பிறந்த சிசுவுக்குச் சுமார் 3.9. பாருங்கள், மெஷின் எண் ஒன்றுதான், சிசுவுக்குப் பாதிப்பு ஐந்து மடங்கு.

பயந்துவிடாதீர்கள். நாம் எல்லோருமே தினமும் கொஞ்சம் கதிரில்தான் இருக்கிறோம். மண்ணிலிருந்து, கல்லிலிருந்து, ஆகாயத்திலிருந்து, சாப்பாட்டிலிருந்தே வருகிறது. உலகச் சராசரியாக ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 2.4 மில்லி சீவர்ட். ஆக ஒரு வயதுப் பிள்ளைக்கு ஒரு தலை ஸ்கேன் என்பது, ஏறக்குறைய ஒரு வருஷம் இந்தப் பூமியில் வாழ்வதால் கிடைக்கும் கதிரைச் சில நொடிகளில் வாங்குவது.

புற்றுநோய் வருமா? இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் ஒன்பது நாடுகளில், சிறு வயதில் சி.டி. எடுத்த கிட்டத்தட்ட பத்து லட்சம் பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். 2023-ல் வந்த முடிவு: இன்றைய அளவில் ஸ்கேன் எடுக்கும் 10,000 குழந்தைகளில், அடுத்த 12 வருஷத்தில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு அந்தக் கதிரால் ரத்தப் புற்றுநோய் வகை வரலாம். மூளைக் கட்டி பற்றியும் அதே குழந்தைகளிடம் பார்த்து, கதிர் கூடக்கூட ஆபத்தும் கூடுவதாக முன்பே சொல்லியிருந்தார்கள். பத்தாயிரத்தில் ஒன்றோ இரண்டோ என்பது ரொம்பச் சின்ன எண். தலைக்குள் ரத்தம் கசியும் பிள்ளைக்கு ஸ்கேன் எடுக்காமல் விட்டால் வரும் ஆபத்தோடு இதை ஒப்பிடவே முடியாது. ஆனால் தேவையே இல்லாத ஸ்கேன் என்றால், அந்தச் சின்ன எண்ணுக்கும் ஈடாக நமக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை.

அப்போ எது தேவை, எது தேவையில்லை? முடிவு டாக்டருடையது. ஆனால் நாம் பல நேரம் டாக்டரை நெருக்குகிறோம் என்பது எனக்கு என் கதையிலேயே தெரிந்துவிட்டது. "ஒரு ஸ்கேன் எழுதிக் குடுங்க சார், மனசு கேக்கல" என்று நாமே கேட்கிறோம். ஸ்கேன் எழுதாத டாக்டரை, "ஒண்ணும் பார்க்கல, சும்மா அனுப்பிட்டாரு" என்கிறோம்.

அமெரிக்காவில் 25 ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுக்குத் தலையில் அடிபட்டு வந்த 42,412 பிள்ளைகளைப் பார்த்து 2009-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு சி.டி. எடுத்திருந்தார்கள். ஆனால் மூளையில் கவலைப்படும்படியான காயம் இருந்தது மொத்தம் 376 பேருக்குத்தான். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு எந்த அடையாளங்கள் இருந்தால் கவலை என்றும் அந்த ஆய்வு சொன்னது. பிள்ளை மந்தமாக, தூக்கக் கலக்கமாக, எழுப்பினால் சரியாக எழாமல் இருப்பது. ஐந்து நொடியோ அதற்கு மேலோ நினைவு தப்பியது. நெற்றியில் இல்லாமல் தலையின் பக்கத்திலோ பின்னாலோ உச்சியிலோ வீக்கம். தடவிப் பார்த்தால் மண்டை எலும்பு உடைந்த மாதிரி தெரிவது. மூன்றடிக்கு மேல் உயரத்திலிருந்து விழுந்தது, வண்டி மோதியது போன்ற பலமான அடி. கடைசியாக ஒன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது: "இவன் எப்பவும்போல இல்லை" என்று பெற்றவர்கள் சொல்வது. பெத்தவ வார்த்தையையும் ஒரு அடையாளமாகக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

இதில் எதுவுமே இல்லாத பிள்ளைக்கு மூளையில் பெரிய காயம் இருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு, சி.டி. வேண்டியதில்லை, சில மணி நேரம் கண்காணித்தால் போதும் என்பதுதான் முடிவு. நம் பேரன் விழுந்தது இரண்டடி, புடைப்பு நெற்றியில், அழுதான், குடித்தான், விளையாடினான். நான் போனில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று. "ஸ்கேன் எடுங்க" என்று அல்ல.

ஆனால் இந்தப் பட்டியலை வீட்டிலேயே வைத்துக்கொண்டு நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். தலையில் அடிபட்ட பச்சைப்பிள்ளையை டாக்டர் பார்க்கத்தான் வேண்டும். வலிப்பு வந்தாலோ, காது மூக்கில் ரத்தமோ தண்ணீரோ வந்தாலோ, 108-க்குப் போன் போடுங்கள், யோசிக்க நேரமில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு டாக்டர் சி.டி. எழுதினால், கதிர் அது இதுவென்று ஒரு நிமிஷம்கூடத் தயங்க வேண்டாம்.

உச்சிக்குழி மூடாத சிசுவுக்கு, சில நோய்களில் அந்தக் குழி வழியாகவே அல்ட்ராசவுண்ட் வைத்து மூளையைப் பார்க்க முடியும். அதில் கதிரே கிடையாது. எம்.ஆர்.ஐ.யிலும் கதிர் இல்லை, ஆனால் நேரமாகும், பிள்ளை அசையாமல் இருக்க மயக்க மருந்து தேவைப்படும், எல்லா அவசரத்துக்கும் ஒத்துவராது. "டாக்டர், இதுக்குப் பதிலா கதிர் இல்லாத ஸ்கேன் ஏதாவது முடியுமா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. காய்கறிக் கடையில் நாலு கேள்வி கேட்கிறோமே!

ஸ்கேன் சென்டருக்குப் போனால் என்ன பார்க்கலாம்? எக்ஸ்ரே, சி.டி. மெஷின் வைக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். 1983-ல் ஏற்பட்ட மத்திய அரசு அமைப்பு இது, தலைமை அலுவலகம் மும்பையில். மெஷின் சரியாக இருக்கிறதா என்று இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது தரச் சோதனை செய்யவும் வேண்டும். "உரிமம் இருக்கா?" என்று கேட்கலாம், நல்ல இடங்களில் முகம் சுளிக்க மாட்டார்கள். "குழந்தைக்கான அளவு வெச்சுத்தானே எடுப்பீங்க?" என்றும் கேளுங்கள். பிள்ளையைப் பிடித்துக்கொள்ள உள்ளே ஆள் வேண்டும் என்றால், மாசமாக இருப்பவர்கள் போகக்கூடாது. போகிறவர் ஈய ஏப்ரன் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

முடிந்ததும் படம் பதிந்த தட்டைக் கேட்டு வாங்குங்கள். (அதையும் சி.டி. என்றுதான் சொல்கிறோம். அந்த சி.டி. வேறு, இந்த சி.டி. வேறு!) எழுத்து ரிப்போர்ட் மட்டும் கையில் இருந்தால் அடுத்த டாக்டருக்கு உதவாது. கூடவே, "டோஸ் பக்கமும் சேர்த்துக் குடுங்க" என்று கேளுங்கள். அதில்தான் டி.எல்.பி. இருக்கும்.

கூட்டங்களில் அடிக்கடி வரும் ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஸ்கேன் எடுத்த பிள்ளையின் உடம்பில் கதிர் தங்காது, மெஷின் நின்றதும் கதிர் நின்றுவிடும். பிள்ளையைத் தூக்கலாம், பால் கொடுக்கலாம், பக்கத்தில் படுக்கவைக்கலாம். அதை எடுத்துவிட மஞ்சள் தண்ணீர், கஷாயம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னபோது, அந்தப் பாட்டி பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் ஊக்குநரைக் கூட்டிக்கொண்டு இரண்டு இடத்துக்கும் போய்விட்டார். ஐயப்பன்தாங்கல் டெப்போவிலிருந்து பஸ் பிடித்து, வெயிலில் அலைந்து, இரண்டு தட்டும் வாங்கி வந்தார். முதல் இடத்தில், "இது எதுக்கு, யாரும் கேக்க மாட்டாங்களே" என்று சொன்னார்களாம். பிறகு கொடுத்துவிட்டார்கள். ஊக்குநரின் பையன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான்.

இரண்டாவது இடத்தின் டி.எல்.பி. 318. தமிழ்நாட்டுக் கோட்டுக்குக் கீழே. முதல் இடத்தின் எண் 624. ஒரே பிள்ளை, ஒரே நாள், அதே தலை, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. படத்தைப் பார்த்த டெக்னீஷியன் ஒருவர், கழுத்து வரை நீண்டிருக்கிறது, பெரியவர் அளவிலேயே வைத்து எடுத்த மாதிரியும் தெரிகிறது என்றார். இந்த வித்தியாசத்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று சொல்ல முடியாது. ஆகாமல் போகும் வாய்ப்பே மிக அதிகம். ஆனால் அந்தக் கூடுதலில் பிள்ளைக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. பாட்டி அந்த ஸ்கேன் சென்டரின் பொறுப்பாளரிடம் திரும்பவும் போய்ச் சொல்லியிருக்கிறார். அடுத்த குழந்தைக்கு அளவைக் குறைத்து வைப்பதாக அவரும் சொன்னாராம்.

பேரனின் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் இப்போது பேனாவில் தேதி, "தலை சி.டி.", 624, 318 என்று எழுதியிருக்கிறது. இனி எந்த டாக்டரிடம் போனாலும் அந்த அட்டை கூடவே போகும். கூட்டமைப்பின் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வீட்டில் ஐந்து வயதுக்குள் சி.டி. எடுத்த பிள்ளை இருந்தால் அந்தத் தட்டையும் தடுப்பூசி அட்டையையும் கொண்டு வாருங்கள். கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்கிறேன், எண்ணைப் பார்த்து அட்டையில் எழுதிவிடலாம்.